வீட்டுப் பயிற்சிக்குச் சின்ன டிஜிட்டல் ஆம்ப்: வாட்டைப் பார்த்து வாங்கவா, ஸ்பீக்கரைப் பார்த்து வாங்கவா?

மாடிவீடு:
அபார்ட்மெண்ட்ல இருக்கேன். ஸ்ட்ராட் மாடல் எலெக்ட்ரிக் கிட்டார், மூணு சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியோட அதிர்வை மின்சாரமா மாத்தற ஒத்தைச் சுருள்). பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் ஒரே சுவர். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல ஹெட்போன்தான். எனக்கு வேண்டியது: ஒரு கையில் தூக்கிட்டு ரூம் ரூமா போகணும், கரண்ட் போனாலும் ஓடணும், போன்ல இருந்து தம்புரா ஆப், பேக்கிங் டிராக் ரெண்டும் அதுலயே கேட்கணும், எப்பவாவது லேப்டாப்ல பதிவு பண்ணணும்.
பார்த்து வச்சிருக்கறது: பாஸ் கட்டானா மினி, ரோலண்ட் மைக்ரோ க்யூப் ஜிஎக்ஸ், பாசிட்டிவ் கிரிட் ஸ்பார்க் கோ, ஸ்பார்க் மினி, ஸ்பார்க் 40, யமஹா டிஎச்ஆர்10 ரெண்டாம் தலைமுறை. ஒண்ணு 5 வாட், ஒண்ணு 40 வாட். அப்போ எட்டு மடங்கு சத்தமா? சின்னதை வாங்கினா பத்தாதோன்னு ஒரு பயம்.

ஆறாவது கம்பி:
தம்பி, எட்டு மடங்கு வாட் என்றால் எட்டு மடங்கு சத்தம் இல்லை. வாட் இரண்டு மடங்கானால் 3 டெசிபல் கூடும். 5-லிருந்து 40 என்பது மூன்று முறை இரட்டிப்பு, ஆக 9 டெசிபல். 10 டெசிபல் கூடினால்தான் காதுக்குச் சுமார் இரண்டு மடங்காகத் தெரியும். ஒட்டின சுவர் உள்ள வீட்டில் அந்த 40 வாட்டைப் பாதி கூடத் திருப்ப மாட்டீர்கள். வாட் பயத்தை விட்டுவிடுங்கள்.

பார்க்க வேண்டியது ஸ்பீக்கரின் அளவும் பெட்டியும். கிட்டாரின் ஆறாவது கம்பி, வழக்கமான ஸ்ருதியில், 82 ஹெர்ட்ஸ். இரண்டு அங்குல ஸ்பீக்கர் அந்த அடிப்படை அதிர்வை நேராகக் கொடுக்கவே முடியாது. ஸ்பார்க் கோவில் ஒரே ஒரு 2 அங்குல ஸ்பீக்கர், ஸ்பார்க் மினியில் அப்படி இரண்டு. இரண்டிலும் பாஸுக்காக, அதாவது கனத்த கீழ் ஒலிக்காக, மின்சாரம் இல்லாமல் காற்றழுத்தத்தால் அசையும் ஒரு பாஸிவ் ரேடியேட்டர் உண்டு, மிச்சத்தை உள்ளே இருக்கும் டிஎஸ்பி சிப் (ஒலியை டிஜிட்டலாகத் திருத்தும் சிப்) ஏற்றிக் கொடுக்கிறது. மெதுவாக வாசிக்கும்போது ஆச்சரியமான முழுமை. வால்யூம் ஏற ஏற, ஸ்பீக்கர் கிழியாமல் இருக்க சிப்பே பாஸைக் குறைத்துவிடும், ஒலி மெலிந்துபோகும். அதைப் பழுது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு.

கட்டானா மினி 7 வாட், 4 அங்குலம். மைக்ரோ க்யூப் ஜிஎக்ஸ் 3 வாட்தான், ஆனால் 5 அங்குலம். அந்த 3 வாட்டுக்கு ஒரு படுக்கையறை நன்றாகவே நிறையும். டிஎச்ஆரில் இரண்டு 8 செ.மீ. ஸ்பீக்கர். அது கிட்டார் ஆம்ப் மாதிரி முகத்தில் அறையாது, நல்ல ஹை-ஃபை பெட்டி மாதிரி அறை முழுக்கப் பரவும். ஹை-ஃபை ஒலி சிலருக்குப் பிடிக்கும், சிலருக்கு "இது ஆம்பே இல்ல" என்று தோன்றும். காதுதான் முடிவு.

கடையில் சோதிக்கும்போது ஒலி உடையாத கிளீன் டோனில், எஃபெக்ட் எல்லாம் அணைத்துவிட்டு, ஆறாவது கம்பியை உள்ளங்கையால் அமுக்கி எட்டாம் நோட்டுகளாக வாசியுங்கள். வால்யூம் கால், அரை, முக்கால் என்று ஏற்றுங்கள். எந்த இடத்தில் பெட்டி கடகடக்கிறது, எந்த இடத்தில் நோட்டு "டப்" என்று காற்றாகிறது என்று பாருங்கள். அதற்குக் கீழே இருப்பதுதான் உங்களுக்குப் பயன்படும் வால்யூம். கடைக்காரர் போட்டுக் காட்டும் டிலே-ரிவர்ப் (எதிரொலி, அறை முழக்கம்) பிரீசெட்டில், அதாவது முன்பே சேமித்து வைத்த டோனில், எல்லா ஆம்பும் ஒரே மாதிரி அழகாகத்தான் இருக்கும்.

ஈயப்பற்று:
கரண்ட் விஷயம் நான் சொல்றேன், இதுலதான் நிறைய பேர் தப்பா வாங்கிடறாங்க.

ஸ்பார்க் 40-ல பேட்டரி கிடையாது. 19 வோல்ட் அடாப்டர் மட்டும். உங்க லிஸ்டுல அதை அடிச்சிடுங்க. அதுக்கு அப்புறம் வந்த ஸ்பார்க் 2-க்குப் பேட்டரி தனியா வாங்கிப் போடலாம், ஆனா அது தூக்கிட்டுத் திரியற சைஸ் இல்ல.

டிஎச்ஆர்10 ரெண்டாம் தலைமுறை ரெண்டு விதம். சும்மா டிஎச்ஆர்10 டூ-வில் பேட்டரி இல்ல. "வயர்லெஸ்"னு பேர்ல இருக்கறதுலதான் உள்ள சார்ஜ் ஆகற பேட்டரி இருக்கு. பார்வைக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஆன்லைன்ல விலை கம்மியா இருக்கேன்னு அமுக்கினா பேட்டரி இல்லாதது வந்து நிக்கும். பெட்டி மேல பேரை எழுத்து எழுத்தா படிங்க.

கட்டானா மினி, மைக்ரோ க்யூப் ஜிஎக்ஸ் ரெண்டுக்கும் ஆறு டபுள்-ஏ, நம்ம பென்சில் பேட்டரி. ஆல்கலைன் போட்டா கட்டானா மினி ஏழு மணி நேரம்னு கம்பெனி கணக்கு, க்யூப் 25 மணி நேரம் வரைக்கும். தினம் ஒரு மணி நேரம் வாசிச்சா கட்டானாவுக்கு வாரத்துக்கு ஆறு செல். கட்டுப்படியாகாது. கரண்ட் இருக்கும்போது அடாப்டர், போனா செல், அப்படி வச்சுக்கலாம். சார்ஜ் ஏத்தற நிக்கல் செல் ஒவ்வொண்ணும் 1.2 வோல்ட், ஆறு சேர்ந்து 7.2 தான் (ஆல்கலைன் புதுசுல 9). கையேடு அனுமதிச்சாப் போடலாம், ஆனா கிளீன் டோன் கொஞ்சம் சீக்கிரமே உடையும். மலிவு ஜிங்க் செல்லைப் போட்டு மாசக்கணக்கா மறந்துடாதீங்க. ஒழுகி ஸ்பிரிங்கைப் பச்சையா அரிச்சுடும். செகண்ட் ஹேண்ட் வாங்கறவங்க முதல்ல திறந்து பார்க்க வேண்டியதே அந்த பேட்டரி மூடியைத்தான்.

ஸ்பார்க் கோ, மினி ரெண்டும் யூஎஸ்பி-சி சார்ஜ், எட்டு மணி நேரம்னு சொல்றாங்க. அது மிதமான வால்யூம் கணக்கு. உள்ள லித்தியம் பேட்டரி, காலியா விட்டு அலமாரியில மாசக்கணக்கா வைக்கக் கூடாது. பாதிக்கு மேல ஏத்தி வைங்க. கட்டானா மினி எக்ஸ் கிடைச்சா அதையும் பாருங்க: 10 வாட், 5 அங்குலம், பேட்டரி உள்ளேயே.

மாடிவீடு:
கட்டானா மினி 9 வோல்ட்னு போட்டிருக்கு. வீட்ல பழைய ரூட்டர் அடாப்டர் சும்மா கிடக்கு, அதைப் போட்டுக்கலாமா? அடாப்டர் தனியா வாங்கணும்னு சொல்றாங்களே.

ஈயப்பற்று:
போடாதீங்க. பாஸ் (Boss) கம்பெனி சாமான்கள்ல 9 வோல்ட், நடு முனை மைனஸ், வெளி வளையம் பிளஸ். ரூட்டர் அடாப்டர்ல பெரும்பாலும் நடு முனை பிளஸ், அதுவும் நிறைய 12 வோல்ட். ஜாக் அளவு பொருந்தும், அதான் ஆபத்து. உள்ள நுழையுதுன்னு சொருகினா, பாதுகாப்பு டையோடு இருந்தா அதோட போகும், இல்லேன்னா போர்டோட போகும். அடாப்டர் ஸ்டிக்கர்ல ஒரு வட்டம், அதுக்குள்ள புள்ளி, ரெண்டு பக்கமும் கூட்டல் கழித்தல் குறி போட்ட சின்னப் படம் இருக்கும். நடுப்புள்ளியில இருந்து போற கோடு கழித்தல் பக்கம் போகணும். கிட்டார் பெடலுக்கு விக்கற 9 வோல்ட் அடாப்டர் வாங்கினா சரியா இருக்கும்.

ஸ்ருதிப்பெட்டி:
தம்புரா என்றதும் வந்தேன். கர்நாடக சங்கீதம் கிட்டாரில் வாசிக்கிறவர்களுக்குக் கடைக்காரர்கள் சொல்லாத இரண்டு மூன்று விஷயம் உண்டு.

முதலாவது நாய்ஸ் கேட். டிஜிட்டல் ஆம்புகளின் பிரீசெட்டில் இது பெரும்பாலும் ஆன் ஆகவே இருக்கும். சத்தம் ஒரு அளவுக்குக் கீழே போனதும் கதவைச் சாத்திவிடும். ராக் வாசிப்பவருக்கு அது வரம். நமக்கு, ஒரே மீட்டலில் காந்தாரத்தை இழுத்து அசைத்து இறக்கும்போது கடைசி அசைவு வருவதற்குள் "சட்"டென்று அறுந்துவிடும். விரலில்தான் கோளாறு என்று நினைத்து இன்னும் பலமாக மீட்ட ஆரம்பிப்பார்கள். கேட்டை அணையுங்கள், அல்லது அது சாத்தும் அளவான த்ரெஷோல்டை அடிமட்டத்துக்கு இறக்குங்கள். ஸ்பார்க் போன்றவற்றில் இதை ஆப்பில்தான் செய்ய முடியும், பெட்டியில் அதற்குக் குமிழ் இல்லை.

இரண்டாவது, டிலே. கமகத்தின் மேல் அதே கமகத்தின் பழைய நிழல் விழுந்தால் ஸ்வரம் எங்கே நிற்கிறது என்று காதுக்குப் புரியாது. கட்டானா மினியில் ரிவர்ப் கிடையாது, டிலே மட்டும்தான். லெவல் குமிழைப் பூஜ்யத்தில் வையுங்கள். உலர்ந்த ஒலி முதலில் கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் ஸ்வரஸ்தானம் பிசகினால் அப்பட்டமாகத் தெரியும். பயிற்சிக்கு அதுதானே வேண்டும். கம்ப்ரஸர் கொஞ்சம் போடலாம், மீட்டின நாதம் நீளும். அதிகம் போட்டால் மீட்டின அழுத்தத்தின் வித்தியாசமே மறைந்து எல்லா ஸ்வரமும் ஒரே தடிமனில் வரும்.

மூன்றாவது தம்புரா. ப்ளூடூத் வழியாக அதே பெட்டியில் விடலாம், ஸ்பார்க்கிலும் டிஎச்ஆரிலும் அந்த வசதி உண்டு. கட்டானா மினி, க்யூப் இரண்டிலும் 3.5 மி.மீ. ஒயர் வேண்டும். போனில் அந்த ஓட்டையே இல்லையென்றால் யூஎஸ்பி-சி மாற்றி ஒன்றும் சேர்த்து வாங்க வேண்டும். ஆனால் இரண்டு அங்குல ஸ்பீக்கரில் மந்தர ஷட்ஜத் தம்புராவும் கிட்டாரும் ஒன்றாகப் போனால் இரண்டும் குழம்பும். தம்புராவின் கனத்த அசைவு கிட்டாரின் ஒலியையும் சேர்த்து நடுங்க வைக்கும். தம்புராவைப் போனின் சொந்த ஸ்பீக்கரிலோ தனிச் சின்ன ஸ்பீக்கரிலோ விட்டுப் பாருங்கள், உடனே தெளியும்.

ஸ்ருதிக்காகக் கம்பியைத் தளர்த்துகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஆறாவது கம்பியை ஒரு கட்டை இறக்கினால் 73 ஹெர்ட்ஸ், இரண்டு இறக்கினால் 65. மேலே "ஆறாவது கம்பி" என்ற பெயரில் எழுதியவர் சொன்ன கடைச் சோதனையை உங்கள் ஸ்ருதியில் வைத்துச் செய்யுங்கள்.

பிரீசெட் பிரியன்:
எல்லாரும் உலர்ந்த கிளீன் டோன்லயே நிக்கறீங்க. புதுசா கத்துக்கறவனுக்கு விதவிதமான டோன் இருந்தாத்தான் கிட்டாரைக் கையில எடுக்கவே தோணும். கட்டானா மினியில் பிரவுன் (நல்லா உடையற ஒலி), க்ரன்ச் (லேசா உடையறது), கிளீன் மூணே வகை. ஸ்பார்க்ல ஆப் திறந்தா ஆம்பும் எஃபெக்டும் கொட்டிக் கிடக்கு. டிஎச்ஆர்லயும் 15 ஆம்ப் மாடல். அதிகம் கிடைக்கறதை வாங்கறதுல என்ன தப்பு?

ஆறாவது கம்பி:
தப்பில்லை. ஆனால் குமிழ் எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். ஸ்பார்க் மினியின் மேல் கிட்டார் வால்யூம், பாட்டு வால்யூம், பிரீசெட் மூன்றுதான். ட்ரெபிள் கொஞ்சம் குறைக்க வேண்டும் என்றால் போனை எடு, ஆப்பைத் திற, ப்ளூடூத் சேரும்வரை காத்திரு. போனைக் கையில் எடுத்தால் பயிற்சி போச்சு. கட்டானா மினியில் பாஸ், மிடில், ட்ரெபிள் மூன்றும் விரல் நுனியில். இன்னொரு விஷயம், கட்டானா மினியின் கெயினும் (ஒலியை உடைக்கும் பகுதி) டோனும் அனலாக் சர்க்யூட், டிலே மட்டும்தான் டிஜிட்டல். முழு டிஜிட்டல் என்று விற்றால் நம்ப வேண்டாம். ஆப்பே இல்லாததால், போன் மாறினாலும் அது பாட்டுக்கு ஓடும்.

டிஎச்ஆரில் இரண்டும் உண்டு: குமிழும் ஆப்பும், ஐந்து நினைவுப் பொத்தானும். விலையும் அதற்கேற்ப.

பிரீசெட் பிரியன்:
சரி, குமிழ் விஷயத்துல ஒத்துக்கறேன். ஆனா ஸ்பார்க்ல நாலு பிரீசெட்டை ஒரு தடவை உட்கார்ந்து ஒழுங்கா செஞ்சு பெட்டியிலயே சேமிச்சுட்டா அப்புறம் போன் தேவையில்ல. நான் சொல்ற நாலு: எஃபெக்ட் இல்லாத கிளீன்; கிளீன் கூட சின்ன ரூம் ரிவர்ப்; கிட்டார் வால்யூமைக் குறைச்சா கிளீன் ஆகற லேசான க்ரன்ச்; தனி வாசிப்புக்கு ஒரு லீட். நாலையும் ஒரே சத்தத்துக்குச் சமன் பண்ணுங்க, கம்பெனி பிரீசெட்டுங்க ஒண்ணுக்கொண்ணு ஏறி இறங்கும். முக்கியமா, எந்த வால்யூம்ல வாசிப்பீங்களோ அதே வால்யூம்ல டோன் வைங்க. மெதுவா வச்ச டோன்ல பாஸ் தூக்கலா வச்சிருப்போம், காது அப்படித்தான் கேட்கும். அதை ஏத்தினா குடம் உருட்டற மாதிரி இருக்கும். ஹெட்போனுக்குத் தனி பிரீசெட் வச்சாலும் தகும்.

கேபிள்காரன்:
ஹெட்போன் பேச்சு வந்துவிட்டதால்: ப்ளூடூத் ஹெட்போனில் கிட்டார் வாசிக்க முடியாது. சாதாரண ப்ளூடூத் ஆடியோவில் 100 முதல் 200 மில்லிசெகண்ட் தாமதம். ஒலி காற்றில் ஒரு நொடிக்கு 340 மீட்டர் சுமாராகப் போகிறது, ஆக ஆம்பை 35 முதல் 70 மீட்டர் தள்ளி வைத்து வாசிப்பதற்குச் சமம். ஆம்பில் "ப்ளூடூத்" என்று போட்டிருப்பது போனிலிருந்து பாட்டு உள்ளே வருவதற்கு மட்டும். பாட்டு முழுவதும் ஒரே அளவு தாமதமாக வருவதால் அதனோடு சேர்ந்து வாசிக்கத் தடையில்லை, மெட்ரோனோமும் அப்படியே.

"வயர்லெஸ்" என்பது இன்னொரு வார்த்தை வலை. டிஎச்ஆர் வயர்லெஸ்ஸில் கிட்டார் கேபிளுக்குப் பதிலாகச் சொருகும் லைன் 6 ஜி10டி டிரான்ஸ்மிட்டருக்கான ரிசீவர் உள்ளே இருக்கிறது. டிரான்ஸ்மிட்டரைத் தனியாக வாங்க வேண்டும். பட்ஜெட் போடும்போது மறந்துவிடுகிறார்கள்.

ஒயர் ஹெட்போன், காதை மூடும் வகை, 32 முதல் 80 ஓம். ஸ்டூடியோவுக்கான 250 ஓம் ஹெட்போனைப் பேட்டரி ஆம்பில் சொருகினால் சத்தம் பத்தாது. 3.5-லிருந்து 6.35 மி.மீ.க்கு மாற்றி வேண்டியிருந்தால் இரண்டு கறுப்பு வளையம் உள்ள ஸ்டீரியோ மாற்றி வாங்குங்கள். ஒரே வளையம் என்றால் மோனோ, ஒரு காதில் மட்டும் கேட்கும், கேட்காத பக்க அவுட்புட்டை ஷார்ட்டும் செய்யும்.

கிட்டார் கேபிள் 3 மீட்டர் போதும். சாதாரண கேபிளில் மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ், சிங்கிள் காயிலில் நீளம் கூடக் கூட மேல் ஒலி மங்கும். ஸ்பார்க் கோ வாங்குவதானால் மெல்லிய கேபிள், வளைந்த ஜாக். பெட்டி 350 கிராம் சுமார்தான், தடித்த கேபிள் இழுத்தால் மேஜையிலிருந்து கீழே வந்துவிடும்.

மாடிவீடு:
பதிவு பண்ண தனி இண்டர்ஃபேஸ் (கிட்டார் ஒலியை லேப்டாப்புக்கு அனுப்பற பெட்டி) வேண்டாம்தானே? யூஎஸ்பி போதுமா?

கேபிள்காரன்:
ஸ்பார்க்கும் டிஎச்ஆரும் யூஎஸ்பி ஆடியோ இண்டர்ஃபேஸாகவே வேலை செய்யும். கட்டானா மினியில் யூஎஸ்பி இல்லை, ஹெட்போன் ஜாக்கையே லைன் அவுட்டாக எடுக்க வேண்டும். அதில் ஸ்பீக்கரின் தன்மையைச் சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள், ஆகவே ஒலி மோசமில்லை. லேப்டாப்பின் மைக் ஓட்டையில் சொருகாதீர்கள், லைன்-இன் இருந்தால் மட்டும்.

யூஎஸ்பியில் பலரும் கேட்கும் கேள்வி "ஒவ்வொரு நோட்டும் இரண்டு தடவை கேட்கிறதே" என்பது. ஆம்ப் நேராக ஒரு ஒலி, லேப்டாப் மென்பொருள் திருப்பி அனுப்பும் ஒலி இன்னொன்று. மென்பொருளில் அந்த டிராக்கின் மானிட்டரை (ஒலியைத் திருப்பி அனுப்பும் வசதியை) அணையுங்கள். விண்டோஸில், தாமதத்தைக் குறைக்கும் கம்பெனியின் ஏஎஸ்ஐஓ டிரைவரைப் போடுங்கள். பஃபர் (லேப்டாப் ஒரு தடவைக்குச் சேர்த்து வாங்கும் ஒலித் துண்டு) 128 சாம்பிள், 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் ஒரு பஃபர் 2.7 மில்லிசெகண்ட். 1024 என்றால் 21, அங்கே தாளம் தடுமாறும்.

மாடிவீடு:
தெரிஞ்சவங்ககிட்ட இருந்து ஒரு பேட்டரி ஆம்ப் வாங்கி வீட்ல போட்டுப் பார்த்தேன். அடாப்டரே இல்லாம பேட்டரியில ஓடுது, ஆனாலும் "ஜ்ர்ர்ர்"னு ஒரு சத்தம். பேட்டரின்னா சத்தமே வரக்கூடாதே?

ஈயப்பற்று:
பேட்டரி ஆம்பைச் சுத்தம் பண்ணும், கிட்டாரைப் பண்ணாது. சிங்கிள் காயில் பிக்கப் ஒரு ஆண்டெனா. சுவருக்குள்ள ஓடற ஒயரு, ஃபேன் ரெகுலேட்டர், எல்இடி பல்ப், லேப்டாப், எல்லாத்தையும் பிடிக்கும். இந்த வரிசையில பாருங்க:

கிட்டார் வால்யூமைப் பூஜ்யத்துக்கு இறக்குங்க. சத்தம் நின்னா பிக்கப் வழியா வருது. நிக்கலேன்னா ஆம்ப் பக்கம் கேபிளைக் கழட்டுங்க. இப்ப நின்னா கேபிள் ஷீல்டு இல்லேன்னா கிட்டாரோட ஜாக். அப்பவும் இருந்தா ஆம்ப்.

பிக்கப்தான்னா உட்கார்ந்த இடத்துலயே மெதுவா அரை வட்டம் திரும்புங்க. ஒரு திசையில சத்தம் அப்படியே அடங்கும். அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்து வாசிங்க, செலவே இல்ல. ஸ்விட்சை ரெண்டாவது, நாலாவது இடத்துல வைங்க. நடு பிக்கப் எதிர்ப்பக்கமா சுத்தினதா இருந்தா (இப்ப வர்ற ஸ்ட்ராட் மாடல்ல பெரும்பாலும் அப்படித்தான்) அந்த ரெண்டு இடத்துலயும் உறுமல் ஒண்ணையொண்ணு அடிச்சு அடங்கிடும்.

அப்புறம் ஃபேன். படிப்படியா டக் டக்னு திரும்பற ரெகுலேட்டர்ல உள்ள கெப்பாசிட்டர், தொல்லை கம்மி. வழுவழுன்னு திரும்பற பழைய மாதிரி எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் கரண்ட் அலையை அறுத்து அறுத்து அனுப்பும், நீங்க சொல்ற "ஜ்ர்ர்ர்" அதுவா இருக்க வாய்ப்பு அதிகம். ஃபேனை ஃபுல்ல வச்சாலோ ஆஃப் பண்ணாலோ குறையுதான்னு பாருங்க. கரண்ட் போய் இன்வெர்ட்டர்ல ஓடும்போது சத்தம் கூடுதுன்னா உங்க வீட்டு இன்வெர்ட்டர் பெரும்பாலும் ஸ்கொயர் வேவ் (கரண்ட் அலையை வளைவா இல்லாம கட்டமா கொடுக்கறது). ஆம்ப் பேட்டரியில இருந்தாலும் சுவர் ஒயர்ல அந்த அலைதானே ஓடுது.

கம்பியைக் கையால தொட்டா சத்தம் குறையணும், அது சாதாரணம். தொட்டா கூடுதுன்னா பிரிட்ஜுக்குப் போற எர்த் ஒயரோ ஜாக்ல இருக்கற இணைப்போ மாறியிருக்கு, பின்னாடி மூடியைக் கழட்டிப் பார்க்கணும்.

மாடிவீடு:
ரெகுலேட்டர்தான்! ஃபுல்ல வச்சதும் முக்கால்வாசி போயிடுச்சு. ஜன்னல் பக்கம் திரும்பினா மிச்சமும் இல்ல.
இப்போ ஸ்பார்க் மினிக்கும் டிஎச்ஆர்10 வயர்லெஸ்ஸுக்கும் நடுவுல நிக்கறேன். பதிவும் தம்புராவும் வேணும்ங்கறதால கட்டானாவும் க்யூபும் போச்சு.

ஆறாவது கம்பி:
அறைக்கு அறை தூக்கிப் போவதும் ஹெட்போனும்தான் அதிகம் என்றால் ஸ்பார்க் மினி போதும். ஆனால் வாங்கிய அன்றே நான்கு பிரீசெட்டையும் செய்து சேமித்துவிடுங்கள். பகலில் ஸ்பீக்கரில் அதிகம் வாசிப்பீர்கள், டோனைக் கையாலேயே திருப்ப வேண்டும் என்றால் டிஎச்ஆர், காசு கூடத்தான். எதுவானாலும் கடைக்கு உங்கள் கிட்டார், உங்கள் கேபிள், உங்கள் ஹெட்போன் மூன்றையும் கொண்டு போங்கள். பில்லில் சீரியல் நம்பரும், வாரண்டி இந்திய டீலருடையதா என்பதும் இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விற்கும் பெட்டிக்கு இங்கே சர்வீஸ் சென்டரில் கதவு திறக்காது.

ஈயப்பற்று:
ஸ்பார்க் வாங்கினா ஒண்ணு. சார்ஜ் போட்டுக்கிட்டே வாசிக்கும்போது "கீ"ன்னு மெல்லிசா சத்தம் வந்தா சார்ஜரை மாத்திப் பாருங்க. லேப்டாப்ல பதிவு பண்ணும்போது வந்தா லேப்டாப் சார்ஜரைக் கழட்டிட்டுப் பண்ணுங்க. பெரும்பாலும் அத்தோட தீர்ந்திடும்.